உட்பரவும் பூஞ்சைத் தொற்றுகளில் இரத்தக் குறிப்பான்களின் வரலாறு

இரத்தத்தில் உள்ள ஒரு பொருளை அளந்து, ஒரு நோய் உடலில் இருக்கிறதா, அது எந்தப் போக்கில் செல்கிறது என்று கணிக்க முடிந்தால் அந்தப் பொருளை உயிர்க்குறிப்பான் என்கிறோம். நீரிழிவுக்கு இரத்தச் சர்க்கரை அளவு எப்படியோ, அப்படியே உடலுக்குள் பரவும் பூஞ்சைத் தொற்றுக்கும் சில குறிப்பான்கள் உள்ளன. நோயைக் கண்டறிவதற்காகத் தொடங்கிய இந்தச் சோதனைகள், காலப்போக்கில் நோயாளி பிழைப்பாரா என்பதை முன்கூட்டியே சொல்லும் கருவிகளாகவும் ஆயின. சுமார் 80 ஆண்டுகள் நீளும் இந்த வரலாற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: ஆபத்து வருகிறது என்று முன்பே தெரிந்தால், அதைத் தடுக்க நம்மிடம் வழி இருக்கிறதா?

பின்னணி

படர்தாமரை, நகச்சொத்தை, தலைப்பொடுகு போன்றவை தோலோடு நிற்கும் பூஞ்சைத் தொற்றுகள். அவை தொல்லை தரும், உயிரைப் பறிப்பதில்லை. உட்பரவும் பூஞ்சைத் தொற்று வேறு வகை. பூஞ்சை நுரையீரல், இரத்தம், மூளை, எலும்பு போன்ற இடங்களுக்குள் புகுந்து வளர்கிறது. எய்ட்ஸ் நோயாளிகள், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், எலும்பு மஜ்ஜை அல்லது உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாள் படுத்திருப்பவர்கள் ஆகியோரையே இது பெரும்பாலும் தாக்குகிறது.

இத்தொற்றைக் கண்டறிவது எளிதன்று. காய்ச்சலும் இருமலும் நூறு நோய்களில் வரும். பாதிக்கப்பட்ட இடத்திலிருந்து சதையை வெட்டி எடுத்துச் சோதிக்கலாம் என்றால், அதைத் தாங்கும் நிலையில் நோயாளி இருப்பதில்லை. இரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு நுண்ணுயிர் வளர்கிறதா என்று பார்க்கும் முறையும் முழுமையானதன்று. கேண்டிடா என்னும் பூஞ்சை உடலுக்குள் பரவியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் அது காட்டிக்கொடுக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இம்முறையில் இரத்தத்திலிருந்து அரிதாகவே கிடைக்கும். எனவே பூஞ்சையைப் பிடிக்க முடியாவிட்டாலும் அது இரத்தத்தில் விட்டுச் செல்லும் தடயத்தைப் பிடிக்கலாம் என்று ஆய்வாளர்கள் முயன்றனர்.

தொடக்கம்: சான் வாக்கீன் பள்ளத்தாக்கு

இம்முயற்சியின் முதல் பெரிய வெற்றி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிடைத்தது. அங்குள்ள சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் வறண்ட மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்னும் பூஞ்சை வாழ்கிறது. புழுதியோடு பறக்கும் அதன் வித்துகளை மூச்சில் இழுப்பவருக்குப் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ வரும்.

இந்நோயை முதலில் விவரித்தவர் அர்ஜென்டினாவின் அலெகாந்த்ரோ பொசாதாஸ், ஆண்டு 1892. தொடக்கத்தில் இது ஓரணு விலங்கால் வருவதாகக் கருதப்பட்டது. பூஞ்சைதான் காரணம் என்பது 1900-ல் தெளிவாயிற்று. வந்தால் பிழைக்க முடியாத நோய் என்ற எண்ணமே வெகுகாலம் நிலவியது. 1929-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவ மாணவரான ஹெரால்டு சோப் ஆய்வகத்தில் தவறுதலாக இதன் வித்துகளை மூச்சில் இழுத்து, நோயுற்று, பின்னர் குணமடைந்தார். பெரும்பாலோருக்கு இது தானே ஆறிவிடும் நோய் என்பது அதன்பின் நடந்த ஆய்வுகளில் உறுதியானது. தொற்றியவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டுமே அது நுரையீரலைத் தாண்டி எலும்புக்கும் மூளையுறைக்கும் பரவுகிறது. அந்தச் சிலர் யார் என்று முன்பே அறிவது எப்படி?

இதற்கு விடை தேடியவர் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய சார்லஸ் எட்வர்ட் ஸ்மித். பின்னாளில் இவர் பெர்க்லி பொதுச் சுகாதாரப் பள்ளியின் தலைவரானார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் விமானப்படைப் பயிற்சித் தளங்கள் அமைக்கப்பட்டன. வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் புழுதியில் பயிற்சி பெற்று நோயுற்றனர். தளங்களில் புல் வளர்த்தும் பாதைகளைச் செப்பனிட்டும் புழுதியை அடக்க ஸ்மித் வழிகாட்டினார். கூடவே, நோயுற்றவர்களின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தும் வந்தார்.

அவர் அளந்தது, பூஞ்சைக்கு எதிராக நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளின் அளவு. அளக்கும் முறை எளியது. மோரில் சம அளவு தண்ணீர் கலந்து, அதில் பாதியை எடுத்து மீண்டும் சம அளவு தண்ணீர் கலந்துகொண்டே போனால், ஏதோ ஒரு கட்டத்தில் புளிப்பு தெரியாமல் போகும். தொடக்கத்தில் எவ்வளவு புளிப்போ, அவ்வளவு அதிக முறை நீர்க்க வேண்டியிருக்கும். அதேபோல இரத்தச் சீரத்தை 1:2, 1:4, 1:8, 1:16 என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக எந்த நிலை வரை வினை தெரிகிறது என்று பார்ப்பார்கள். அந்த விகிதமே எதிர்ப்பொருளின் செறிவெண்.

ஸ்மித்தும் மார்கரெட் சைட்டோ உள்ளிட்ட அவரது குழுவினரும் 1950-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே நோயறிதலுடன் ‘நோய்ப்போக்கு முன்கணிப்பு’ என்ற சொல்லும் இடம்பெற்றது. 1956-ல் அவர்கள் 39,500 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். நோய் லேசாக இருந்தவர்களிடம் செறிவெண் குறைவாக இருந்தது, அல்லது தென்படவே இல்லை. 1:16 என்ற அளவையும் தாண்டி அது ஏறிக்கொண்டே போனால் நோய் நுரையீரலுக்கு வெளியே பரவுகிறது என்று ஐயுற வேண்டும். இறங்கினால் குணமாகிறது என்று நம்பலாம்.

மாணவர்கள் இங்கு ஓர் ஐயம் கொள்ளக்கூடும். எதிர்ப்பொருள் நம்மைக் காப்பதுதானே, அது கூடினால் நல்லதல்லவா? இந்நோயில் அப்படியில்லை. பூஞ்சையை அடக்குவது முதன்மையாக வெள்ளணுக்களின் வேலை. உடலில் பூஞ்சை எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதையே எதிர்ப்பொருளின் அளவு காட்டுகிறது. நோய் கடுமையாகப் பரவியவர்களிடம் செறிவெண் ஏறும் அதே வேளையில், தோலில் செய்யும் ஊசிச் சோதனை எதிர்வினை காட்டாமல் போவதும் உண்டு.

1950-ல் இந்தச் செறிவெண்ணைப் பார்த்து ஒரு மருத்துவர் ‘இவருக்கு நோய் பரவுகிறது’ என்று சொல்ல முடிந்தது. ஆனால் கொடுப்பதற்கு மருந்து இல்லை. ஆம்போடெரிசின்-பி என்னும் முதல் திறமான மருந்து 1950-களின் பிற்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை முன்னறிவு மட்டுமே கையில் இருந்தது.

பூஞ்சையின் உறையையே தேடுதல்: கிரிப்டோகாக்கஸ்

அடுத்த படி, உடலின் எதிர்வினையை விட்டுப் பூஞ்சையின் பொருளையே இரத்தத்தில் தேடுவது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையைச் சுற்றிச் சர்க்கரை மூலக்கூறுகளாலான தடித்த உறை ஒன்று உண்டு. அதிலிருந்து உதிரும் துணுக்குகள் இரத்தத்திலும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரிலும் கலக்கின்றன. எதிர்ப்பொருள் பூசிய நுண்ணிய ரப்பர்பால் மணிகளோடு அவற்றைச் சேர்த்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இச்சோதனை 1963-ல் அறிமுகமானது.

1974-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்டு டயமண்டும் ஜான் பென்னட்டும் கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சி கண்ட 111 பேரின் விவரங்களை ஆராய்ந்தனர். சிகிச்சையின்போது இறந்தவர்களிடம் சில பொதுக் கூறுகள் தென்பட்டன. தண்டுவட நீரின் அழுத்தம் அதிகமாக இருந்தது. அதில் வெள்ளணுக்கள் குறைவாக இருந்தன. பூஞ்சை உறைப்பொருளின் செறிவெண் தொடக்கத்திலேயே 1:32 அல்லது அதற்கு மேல் இருந்ததும் அவற்றுள் ஒன்று. ஸ்மித்தின் நோயாளிகளில் எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது கெட்ட அறிகுறி. இங்கோ எதிர்ப்பொருள் இல்லாமலிருப்பது கெட்ட அறிகுறி. ஒரு பூஞ்சைக்குப் பொருந்தும் கணக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆப்பிரிக்கா: 22 நாள் அவகாசம்

1981-க்குப் பின் எய்ட்ஸ் பரவியபோது, அரிதாக இருந்த இந்த மூளையுறை அழற்சி ஆப்பிரிக்காவில் பெருங்கொல்லியாக மாறியது. 2014-ல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,81,000 பேர் இதனால் இறந்திருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

2002-ல் உகாண்டாவிலிருந்து ஒரு முக்கியச் செய்தி வந்தது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆய்வில் அவர்களின் இரத்த மாதிரிகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. பின்னாளில் மூளையுறை அழற்சி கண்டவர்களின் பழைய மாதிரிகளைத் திரும்ப எடுத்துச் சோதித்தபோது, அறிகுறி தோன்றுவதற்கு இடைநிலை அளவாக 22 நாள் முன்பே உறைப்பொருள் இரத்தத்தில் இருந்தது தெரிந்தது. சிலரிடம் 100 நாளுக்கும் முன்பே இருந்தது. தலைவலியும் வாந்தியும் வந்து மருத்துவமனைக்கு ஓடிவருவதற்கு மூன்று வாரம் முன்னரே இரத்தம் எச்சரித்திருக்கிறது. அதைக் கேட்க யாரும் இல்லை.

2009-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆய்வு இதை மேலும் உறுதி செய்தது. எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கவிருந்த 707 பேரின் சேமிக்கப்பட்ட இரத்தத்தைச் சோதித்ததில் 7 விழுக்காட்டினரிடம் உறைப்பொருள் இருந்தது. அடுத்த ஓராண்டில் புதிதாக மூளையுறை அழற்சி கண்டவர்கள் அனைவரும் அந்த 7 விழுக்காட்டுக்குள்ளேயே அடங்கினர். உறைப்பொருள் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பும் மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகமாக இருந்தது.

ஃப்ளூகோனசோல் என்னும் விலை மலிவான மாத்திரை அப்போது கிடைத்தது. 1950-ன் கலிபோர்னியாவில் முன்னறிவு இருந்தது, மருந்து இல்லை. 2000-க்குப் பிந்தைய ஆப்பிரிக்காவில் மருந்து இருந்தது, யாருக்குக் கொடுப்பது என்ற முன்னறிவு இல்லை. குளிர்பதனப் பெட்டியும் பயிற்சி பெற்ற ஆய்வக ஊழியரும் இல்லாத சிற்றூர் மருத்துவமனைகளில் பழைய சோதனையைச் செய்ய இயலவில்லை.

இந்த இடைவெளியைப் பட்டைச் சோதனை ஒன்று நிரப்பியது. கர்ப்பச் சோதனைப் பட்டையைப் போன்ற இதில் ஒரு துளி இரத்தம் போதும். சுமார் 10 நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். நெவாடா பல்கலைக்கழகத்தின் தாமஸ் கோசல் உருவாக்கிய எதிர்ப்பொருள்களைக் கொண்டு செய்யப்பட்ட இப்பட்டை 2011-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டின் இறுதியில், நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இச்சோதனையைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

சோதனை உண்மையில் உயிரைக் காக்கிறதா? தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் ஏறத்தாழ 2,000 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 18 விழுக்காட்டினர் இறந்தனர். உறைப்பொருள் சோதனையுடன், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் முதல் சில வாரங்கள் வீடு தேடிச் சென்று மாத்திரை தந்து விசாரித்த குழுவில் இறப்பு 13 விழுக்காடு. சோதனைப் பட்டையும் வீட்டுக்கு வந்த மனிதரும் சேர்ந்தே இந்த வேறுபாட்டை உண்டாக்கினர். இரண்டையும் பிரித்து இதற்கு மட்டுமே பெருமை என்று சொல்ல அந்த ஆய்வில் வழியில்லை.

செறிவெண்ணின் பயனும் இங்கு தெளிவானது. உறைப்பொருள் 1:160-க்கும் மேல் உள்ளவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் பூஞ்சை மூளையை எட்டியிருக்கக்கூடும். மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். ஆனால் சிகிச்சை தொடங்கிய பின் இந்த எண் மிக மெதுவாகவே இறங்குகிறது. குணமானவரிடமும் பல மாதம் நீடிக்கும். எனவே தொடக்கத்தில் முன்கணிக்க உதவும் இது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவுவதில்லை.

அஸ்பெர்ஜில்லஸ்: இறங்கும் எண்

மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காட்டும் குறிப்பான் வேறொரு பூஞ்சையில் கிடைத்தது. அஸ்பெர்ஜில்லஸ் நம்மைச் சுற்றி எங்கும் உள்ள பூசணம். நலமாக இருப்பவரை அது ஒன்றும் செய்வதில்லை. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் அற்றுப்போனவரின் நுரையீரலை மட்டும் சில நாளில் அழித்துவிடும். வளரும்போது அது தன் செல்சுவரிலிருந்து கேலக்டோமன்னன் என்னும் பொருளை உதிர்க்கிறது. இதைத் துல்லியமாக அளக்கும் முறை 1990-களின் முதற்பாதியில் ஐரோப்பாவில் உருவானது. அமெரிக்காவில் 2003-ல் ஒப்புதல் பெற்றது.

பெல்ஜியத்தின் லூவென் நகர மருத்துவர் யோஹான் மார்டென்ஸ் குழுவினர் இதை நாள்தோறும் அளந்து, தேவைப்பட்டவருக்கு மட்டும் மருந்து கொடுத்தனர். வழக்கமான விதிப்படி 35 விழுக்காடு காய்ச்சல் நிகழ்வுகளில் பூஞ்சை மருந்து கொடுத்திருக்க வேண்டும். இம்முறையில் அது 7.7 விழுக்காடாகக் குறைந்தது என்று 2005-ல் அறிவித்தனர். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்திலிருந்து பலர் தப்பினர்.

நோய்ப்போக்கைப் பற்றிய தெளிவு படிப்படியாக வந்தது. 2002-ல் பாரிஸ் மருத்துவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றுப் பெற்றவர்களிடம் கேலக்டோமன்னன் ஏறிக்கொண்டே போனால் சிகிச்சை தோற்கிறது என்று காட்டினர். 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பிழைப்பதும் இறப்பதும் இந்த எண்ணின் போக்கோடு நெருங்கிப் பொருந்துவதாகக் கூறியது. 2012-ல் வந்த மற்றோர் ஆய்வின்படி, முதல் வாரத்திலேயே எண் 35 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியவர்களுக்குச் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நுரையீரலின் ஸ்கேன் படம் முதல் வாரத்தில் குணமாகிவருபவரிடமும் மோசமாகத் தெரிவதுண்டு. அந்த நாட்களில் குடும்பத்தாருக்கு என்ன சொல்வது என்று தயங்கும் மருத்துவருக்கு இந்த எண் ஒரு பிடிமானம்.

குதிரை லாட நண்டு தந்த சோதனை

மூன்றாவது குறிப்பான் கடலிலிருந்து வந்தது. குதிரை லாட நண்டு என்பது பெயருக்குத்தான் நண்டு; உண்மையில் சிலந்திக்கும் தேளுக்கும் உறவான மிகப் பழைமையான உயிரினம். 1956-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் ஃபிரெடெரிக் பேங், சில பாக்டீரியாக்கள் பட்டதும் இதன் நீல நிற இரத்தம் உறைந்துவிடுவதைக் கவனித்தார். 1964-ல் அவரும் ஜாக் லெவினும், பாக்டீரியாவின் நச்சே இதைத் தூண்டுகிறது என்று விளக்கினர். ஊசி மருந்துகளில் அந்நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இதிலிருந்து பிறந்தது.

1981-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்த இரத்தம் உறைவதற்கு இரண்டாவது வழியும் உண்டு என்று கண்டனர். பல பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள பீட்டா-டி-குளுக்கன் அதைத் தூண்டியது. 1995-ல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வு, நோயாளிகளின் இரத்தத்தில் இதை அளந்து உட்பரவும் பூஞ்சைத் தொற்றைக் கண்டறியலாம் என்று காட்டியது. அமெரிக்காவில் 2004-ல் ஒப்புதல் கிடைத்தது. அங்கு பயன்படும் சோதனையில் ஒரு மில்லி லிட்டருக்கு 80 பிக்கோகிராம் என்பது தொற்றைக் குறிக்கும் எல்லை. பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

இந்தச் சோதனை எந்தப் பூஞ்சை என்று சொல்லாது. கேண்டிடா, அஸ்பெர்ஜில்லஸ் இரண்டிலும் ஏறும். கேண்டிடா பரவியவர்களிடம் சிகிச்சையின்போது இந்த எண் இறங்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. எண் குறைவாக இருப்பது இன்னும் பயனுள்ள செய்தி. பெரும்பாலும் தொற்று இல்லை என்று கொண்டு, தேவையற்ற மருந்தை நிறுத்த அது துணைசெய்கிறது.

எண்களின் எல்லை

இக்குறிப்பான்கள் தவறுவதும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில், சில நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகளைப் பெற்றவர்களிடம் பூஞ்சை இல்லாமலே கேலக்டோமன்னன் தென்பட்டது. சிறுநீரக டயாலிசிஸில் பயன்படும் சில சவ்வுகளும் அறுவைச் சிகிச்சையில் வைக்கும் பஞ்சுத்துணியும் பீட்டா-டி-குளுக்கனை உயர்த்திவிடும்.

அதைவிடக் கடுமையான பாடம் 2021-ல் இந்தியாவுக்குக் கிடைத்தது. கோவிட் இரண்டாம் அலையில் ‘கருப்புப் பூஞ்சை’ என்று அழைக்கப்பட்ட மியூகோர்மைகோசிஸ் பரவியது. அவ்வாண்டு சூலைக்குள் நாட்டில் 45,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசு தெரிவித்தது. தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. மேலே சொன்ன கேலக்டோமன்னன், பீட்டா-டி-குளுக்கன் ஆகிய இரண்டு சோதனைகளாலும் இப்பூஞ்சையைக் காண முடியாது. கேலக்டோமன்னன் இதில் இல்லை. குளுக்கன் மிகக் குறைவு. முகவீக்கம், கண்வலி, மூக்கடைப்பு ஆகிய அறிகுறிகளையும், மூக்கின் உட்பகுதியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கையும், ஸ்கேன் படத்தையும் நம்பியே மருத்துவர்கள் முடிவெடுத்தனர். ஆம்போடெரிசின் மருந்துக்கும் தட்டுப்பாடு. முன்னறிவும் போதவில்லை, மருந்தும் போதவில்லை என்ற நிலை அது. இப்பூஞ்சையின் மரபுப்பொருளை இரத்தத்தில் தேடும் முறையைப் பிரான்சு ஆய்வாளர்கள் வளர்த்துள்ளனர். சிகிச்சையின் முதல் வாரத்தில் அது இரத்தத்திலிருந்து மறைந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று அவர்களின் ஆய்வு கூறுகிறது. ஆயினும் சாதாரண மருத்துவமனைகளுக்கு இது இன்னும் எட்டவில்லை.

முன்னறிவு எப்போதும் உயிரைக் காக்கும் என்றும் கொள்ள முடியாது. கடும் இரத்த நச்சேற்றத்தால் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடம் பீட்டா-டி-குளுக்கனை அளந்து, அதன்படி மருந்து தொடங்கிய ஜெர்மானிய ஆய்வு 2022-ல் வெளியானது. மருந்து முன்கூட்டியே தொடங்கியது. ஆனால் 28 நாள் இறப்பு குறையவில்லை.

இன்றைய நிலை

2022-ல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. அதிலுள்ள 19 பூஞ்சை வகைகளுள், மிக அவசரம் என்று குறிக்கப்பட்டவை நான்கு. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ், கேண்டிடா ஆரிஸ் என்பன அவை. சோதனை வசதிகள் ஏழை நாடுகளைச் சென்றடையவில்லை என்ற குறையையும் அது சுட்டிக்காட்டியது.

ஸ்மித் தம் சோதனைக் குழாய்களில் சீரத்தை நீர்த்துக்கொண்டே போன நாள் முதல் இன்றுவரை, இரத்தக் குறிப்பான் தருவது அவகாசம் ஒன்றைத்தான். அந்த அவகாசத்தில் கொடுக்க மருந்தும், கொண்டுபோய்ச் சேர்க்க ஆளும் இருந்த இடங்களில் இறப்பு குறைந்திருக்கிறது. இல்லாத இடங்களில் அந்த எண் நோயாளியின் குறிப்பேட்டில் ஒரு வரியாகவே நின்றுவிட்டது.